சத்தம் கூடாத வீடு

நைட் ஷிஃப்ட் முடிந்து ஜெரால்ட் வந்து படுத்துவிட்டால் அந்த வீட்டில் மிக்ஸி ஓடக் கூடாது, குக்கர் விசிலடிக்கக் கூடாது, பால்காரர்கூடக் கதவை விரலால்தான் தட்ட வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ராத்திரியெல்லாம் உலைக்கு எதிரே நின்றுவிட்டு வருகிற மனுஷன். பகலில் தூங்காமல் போனால் கை எங்கே போகும், கால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. அதில் அவன் மனைவி ஹெலனுக்கு மறுபேச்சே கிடையாது. ஆனால் ஒரே ஒரு அறையும் சமையல்கட்டும் உள்ள லைன் வீட்டில், நடை பழகும் பிள்ளையையும் கிழட்டு நாயையும் வைத்துக்கொண்டு சத்தம் வராமல் பகலைத் தள்ளச் சொன்னால் அவள்தான் என்ன செய்வாள்?

நாயின் பெயர் கிளீனர். கல்யாணத்துக்கு முன்னால் அவள் புதுவாயலில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, எவனோ ஒரு லாரிக்காரன் டீக்கடை வாசலில் இறக்கிவிட்டுப் போன குட்டி. சீர்வரிசையோடு வந்த மச்சான் என்று ஜெரால்ட் அதைக் கேலி செய்வான். இப்போது இடுப்பு தேய்ந்து, ஒரு கண்ணில் வெள்ளை விழுந்து, மூலையில் பழைய பெட்ஷீட் மேல் படுத்தே கிடக்கிறது. அம்மா அப்பா இருவரும் போனபிறகு பிறந்த வீட்டிலிருந்து அவளுக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான்.

பிள்ளை ஜெபா எழுந்து நடக்கத் தொடங்கியதும் பிடித்தது சனி. சோறு ஊட்டும்போது எல்லாத் தாயும் செய்வதைத்தான் ஹெலனும் செய்தாள். "தோ பாரு, கிளீனருக்கு ஒரு வாய், பாப்பாக்கு ஒரு வாய்" என்று நாயைக் காட்டிக் காட்டி ஊட்டினாள். அவனும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். பருப்புச் சோற்றை அள்ளிக்கொண்டு போய் நாயின் வாயில் திணிப்பான். நாய் தின்னும்போது அதன் தட்டில் கையை விடுவான். தூங்குகிற நாயின் காதைப் பிடித்து எழுந்து நிற்பான். கிளீனர் முகத்தைத் திருப்பிப் பார்க்கும். இடுப்பை இழுத்துக்கொண்டு அடுத்த மூலைக்குப் போகும். அங்கேயும் போய் நிற்பான். அதற்கப்புறம்தான் தொண்டைக்குள் உர்ரென்று ஆரம்பிக்கும்.

உடனே போர்வைக்குள்ளிருந்து ஜெரால்டின் குரல் வரும். "இன்னா சத்தம் அது? மனுசன் தூங்க வேணாமா?"

ஹெலன் ஓடிவந்து, சுருட்டிய பேப்பரால் நாயின் மூக்கில் ஒன்று வைப்பாள். "உஷ். கொழந்தகிட்டயா உறுமற? மூடு வாய." பிள்ளையைத் தொட முடியாது. தொட்டால் அழுவான், அழுதால் அது அதைவிடப் பெரிய சத்தம். போதாக்குறைக்குப் பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "கெழட்டு நாய நம்பாதம்மா. உறுமறப்பவே தட்டி வெச்சுடு" என்பாள். தட்டித் தட்டி, மழைக்காலம் முடிவதற்குள் கிளீனர் உறுமுவதை விட்டுவிட்டது. இரண்டும் ஒருவழியாகப் பழகிவிட்டன என்று ஹெலனும் நம்பினாள். பாவி, அப்படித்தான் நம்பினாள்.

ஒரு நாள் காலை அவள் பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தபோது, ஜெபா போய் நாயின் இடுப்பின் மேல் ஏறி உட்கார்ந்தான். அது வலிக்கிற இடம். உறுமல் இல்லை, குரைப்பு இல்லை. பிள்ளை வீறிட்ட சத்தம்தான் கேட்டது. முழங்கைக்குக் கீழே பல் பதிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது.

ஜெரால்ட் தூக்கக் கலக்கத்தோடு பிள்ளையை வாரிக்கொண்டு பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு ஓடினான், பின்னாலேயே ஹெலனும். ஊசி போட வந்த நர்ஸ், எப்படி நடந்தது என்று கேட்டார்.

"சத்தமே இல்லாம கடிச்சிச்சு சிஸ்டர்" என்றான் ஜெரால்ட். "ஒரு உறுமல் கூட இல்ல. சோறு போட்ட ஊட்லயே வேலய காட்டிச்சு பாருங்க."

ஹெலன் ஊசிக்காகப் பிள்ளையின் சட்டைக் கையைச் சுருட்டிப் பிடித்தாள்.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் அவன் முடிவாகச் சொன்னான். "ஞாயித்துக்கெழம டெம்போல ஏத்திக்கினு போய் காட்டுப்பள்ளி பக்கம் உட்டுட்டு வந்துடறேன். மீன் கழிவு தின்னு பொழச்சுக்கும்."

"அது உறுமிக்கினுதாங்க இருந்துச்சு" என்றாள் ஹெலன். "தெனம் உறுமிச்சு. உங்க தூக்கம் கெடுதேன்னு நாந்தான் அடிச்சு அடிச்சு நிறுத்தினேன்."

"அப்ப தப்பு என்னுதா?"

"உங்களுதுந்தான். என்னுதுந்தான். அதும்மேல மட்டும் போடாதீங்க."

ஆட்டோவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு வெட்கமாக இல்லை, எரிச்சலாக இருந்தது. ஜெரால்ட் பிள்ளையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டான். இறங்கும்போது, "இன்னொரு வாட்டி சத்தமில்லாம பல்லு பட்டுச்சுன்னா, நீ இன்னா சொன்னாலும் நான் கேக்கமாட்டேன்" என்றான்.

சமையல்கட்டு வாசலில் குறுக்கே ஒரு பிளைவுட் பலகையைக் கட்டி, நாய்க்கென்று ஓர் இடம் ஒதுக்கினாள். பிள்ளைக்குச் சோறு இந்தப் பக்கம், நாய்க்கு அந்தப் பக்கம். கிளீனருக்கு ஒரு வாய் என்கிற பேச்சை அடியோடு விட்டாள். பலகை நின்றது, ஆனால் நாயின் தொண்டை திறக்கவில்லை. ஜெபா பலகைக்கு மேல் கையை நீட்டினால் அதன் உதடு மட்டும் சத்தமில்லாமல் மேலேறும். ஒவ்வொரு தடவையும் அவள் பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓட வேண்டியிருந்தது. "சொல்லித் தொலையேண்டா, இப்ப உன்ன யாரு அடிக்கப் போறா?" என்று நாயிடம் கத்தினாள். அது அவளையே பார்த்தது.

மறு வாரம், ஜெரால்ட் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பகலில், ஜெபா எப்படியோ பலகையை நகர்த்திவிட்டு உள்ளே போய் வாலைப் பிடித்தான். அப்போது கிளீனரின் தொண்டையிலிருந்து அது வந்தது. கரகரத்து, பாதியில் உடைந்து, உர்ர்.

ஹெலன் பாய்ந்து போய்ப் பிள்ளையைத் தூக்கினாள். அறையில் ஜெரால்ட் புரண்டு படுத்தான், இன்னா சத்தம் என்று இந்தத் தடவை கேட்கவில்லை. "நல்லவன்டா நீ" என்று சொல்லி நாயின் தலையைத் தடவக் கையை நீட்டினாள். அந்தக் கையைப் பார்த்ததும் கிளீனர் காதை மடக்கி, மூக்கைத் தரையில் அழுத்தி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அடிக்காகக் காத்திருந்தது.