சுதா சொன்ன ஒரே ஒரு குறை

சுதாவுக்கு சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. மற்ற நேரமெல்லாம் புத்தகம்தான். புதிதாக எந்த நூல் வந்தாலும் விமர்சிக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். வாயாரப் பாராட்டிவிட்டு, கடைசியில் "ஒரே ஒரு குறை" என்று ஆரம்பிப்பாள். அதைக் கேட்கவே சிலர் வருவார்கள்.

இந்த முறை வந்தது, வெளிநாட்டு ஊழியர்களின் ஓவியங்களைப் பற்றிய நூல். அட்டையைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது. கொட்டும் மழையில், திறந்த லாரியில் ஆட்கள் நனைகிறார்கள். பக்கத்தில் ஒருவர் குடைக்கடியில் நின்று கோப்பி குடிக்கிறார். கிராஞ்சி தொழிலாளர் விடுதியிலிருந்து கண்ணாடி மாற்ற வந்த அருண்ராஜ், தான் வரைந்ததென்று கைப்பேசியில் காட்டிய படம் அது. நூலிலோ வரைந்தவர் வெறுமனே 'ஒரு தொழிலாளி' என்றிருந்தது.

அவளுக்குப் பொறுக்கவில்லை. கலையைப் பேசும் நூல் கலைஞனின் அடையாளத்தை மறைக்கலாமா? அவன் பெயரையும் விடுதியையும் போட்டு, அதையே குறையாக எழுதி, வாசகர் குழுவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். பாராட்டுகள் குவிந்தன.

வெளியீட்டன்று மழை. வாசலிலேயே நூலாசிரியர் ரஞ்சன் அவளை மறித்தான்.

"பேரு வேணாம்னு அவன்தான்க்கா கெஞ்சுனான். படத்துல குடையோட நிக்கறது அவன் மேனேஜர்."

"ஐயோ, தெரியலையே ரஞ்சன். இப்பவே அழிச்சிடறேன்."

"எத்தனை குரூப்ல அழிப்பீங்க? அந்தாளு அவன் வொர்க் பெர்மிட்ட கேன்சல் பண்ணா நேரா ஊருதான்."

உள்ளே கடைசி வரிசையில் இருந்து அருண்ராஜ் கையசைத்தான். அவனுக்கு இன்னும் எதுவும் தெரியாது.

அப்போது ஒருவர் குடையை உதறி மடக்கியபடி வந்தார்.

"சுதா நீங்கதானே? நல்லா எழுதுறீங்க லா. அந்தப் படத்துல இருக்கறது நான்தான்னு ஆபீஸே சொல்லுது. வரைஞ்சது யாருன்னுதான் தெரியாம இருந்துச்சு." சிரித்துவிட்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்.

சுதாவை மேடைக்கு அழைத்தார்கள். பாராட்ட வேண்டியதைப் பாராட்டினாள். "ஒரே ஒரு குறை" என்றதும் கூட்டம் நிமிர்ந்தது.

"அது புத்தகத்துல இல்ல. என் விமர்சனத்துல. ஓவியர்னு நான் போட்ட பேரு தப்பு. அருண்ராஜ் அதை வரையல."

யாரோ சிரித்தார்கள். அந்த மனிதர் சிரிக்கவில்லை. நிதானமாகத் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தார். சுதாவும் பார்த்தாள்.

அருண்ராஜின் நாற்காலி காலியாக இருந்தது.

அவர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.