அயர்லாந்தில் ஒரு தாத்தா தேவை

அடுத்தவர் வீட்டுப் பாட்டன் பூட்டனைத் தேடிக் கொடுப்பது என் தொழில். கலியாண வீட்டில் சாப்பாட்டுத் தட்டோடு நிற்கும்போது "நீர் ஆருடைய பிள்ளை, எந்த ஊர்?" என்ற விசாரணையில் மாட்டி நொந்துபோனவர்களே, அதே விசாரணைக்கு ரொறன்ரோவில் சம்பளம் தருகிறார்கள் என்றால் நம்புவீர்களா?

பெயர்ப் பலகை

மொரீனுக்கு அறுபத்தைந்து வயது. மகள் டப்ளினில் இருக்கிறாள், பேத்தி பிறந்து ஒரு மாதம். கூடவே இருந்து வளர்க்க ஆசை. ஆனால் விசிட்டராகப் போனால் மூன்று மாதத்தில் திரும்பிவிட வேண்டும். தாத்தாவோ பாட்டியோ அயர்லாந்தில் பிறந்ததாகக் காட்டினால் அந்த நாட்டுக் குடியுரிமை கிடைக்கும். அவருக்கு இருந்த ஒரே நம்பிக்கை தாய்வழித் தாத்தா. அந்தத் தாத்தாவின் பெற்றோர் ஐரிஷ்காரர்தான், ஆனால் அவரோ சாகும்வரை தன்னை லிவர்பூல்காரன் என்றே சொல்லிக்கொண்டவர்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, என் மேசையில் 'அருளானந்தம்' என்றிருந்த பலகையைப் பார்த்துத் தயங்கினார். "இங்கே வேலை செய்யும் ஐரிஷ்காரர் இன்று லீவா?"

காணாமல் போன மூத்தவர்

லிவர்பூல் பிறப்புப் பதிவுகள், தேவாலயங்களின் ஞானஸ்நானப் புத்தகங்கள் என்று இரண்டு கிழமை தேடிக் கண் பூத்துப்போனது. தம்பி தங்கை ஐந்து பேரும் வரிசையாக இருக்கிறார்கள், மூத்தவரான தாத்தாவை மட்டும் காணோம். பக்கத்து மேசை கிரஹாம், முப்பது வருஷ அனுபவக்காரர், எட்டிப் பார்த்தார். "பதிய மறந்திருப்பார்கள். ஃபைலை மூடிவிடுங்கள்."

மல்வேர்ன் பஸ்

மொரீனுக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலையோடு பஸ்ஸில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். மொன்றியலில் இருக்கும் என் தங்கை போன் எடுத்தாள். அவளுக்கு ஏழாம் மாதம். "மாமி தான் பாத்துக்கொள்ளுறன் எண்டு சொன்னவ அக்கா. எண்டாலும் தலைப்பிள்ளை. நான் அம்மாட்டைத்தான் வாறன்."

மேயோவில் ஒரு தொட்டில்

எனக்குப் பொறி தட்டியது. தாத்தாவைப் பெற்றவள் லிவர்பூலில் குடும்பம் நடத்தினால் என்ன, அவளும் ஒரு தாய்க்கு மகள்தானே! மறுநாள் காலை அவளுடைய கலியாணப் பதிவைத் திறந்தேன். பெண்ணின் பெற்றோர் இருந்தது அயர்லாந்தில், மேயோ மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில். அந்த ஊர்த் தேவாலயப் புத்தகத்தில் அரை மணித்தியாலத்துக்குள் தாத்தா அகப்பட்டார். அதே தாய், அதே தகப்பன், ஞானத்தாயாகத் தாயின் தங்கை. கைக்குழந்தையாகக் கப்பலேறிய மனிதருக்குத் தான் பிறந்த இடமே தெரிந்திருக்கவில்லை. கதிரையை விட்டு எழும்பிக் கை தட்டினேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அரசாங்கப் பிறப்புச் சான்றிதழும் வந்து சேர்ந்ததும் மொரீனைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தேன். இரண்டு தரம் வாசித்தார், மூக்கைச் சிந்தினார், என் முன்னாலேயே மகளுக்குப் போன் போட்டார். "அறையை ஒதுக்கி வை. இந்த முறை நான் ரிட்டர்ன் டிக்கெட் எடுக்கப்போவதில்லை."

பரம்பரையைத் தேடுகிறவர்கள், தகப்பன் எந்தக் கப்பலில் போனான் என்று பார்ப்பதற்கு முன்னால், வாயும் வயிறுமாக இருந்தபோது தாய்க்கு யார் சமைத்துப் போட்டார்கள் என்று விசாரிப்பது நல்லது.