சவுக்குமேட்டுக்கு ஒரு டிக்கெட்

போன செவ்வாய்க்கிழமை காலை இட்லித் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது பிலோமினாவின் போன் வந்தது. "அங்கிள், அப்பா போய்ட்டாரு" என்றாள். அவளுடைய அப்பா ஞானப்பிரகாசம் அவர்கள், செங்கல்பட்டு ரயில் நிலையத்தின் டிக்கெட் கவுண்டரில் என் பக்கத்து நாற்காலியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்தவர். செய்தியைக் கேட்டதும் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போய்விட்டாரே என்ற கோபம்.

நம் ஓய்வூதியர் இதழின் ஆசிரியர், "ரெண்டு பக்கம், நல்லவிதமா எழுதிக் குடுங்க சபாபதி" என்று கேட்டார். நல்லவிதமாக வேண்டுமென்றால் எங்கள் ஊர் முச்சந்தியில் பேனர் கட்டியிருப்பவர்களைக் கேட்டிருக்கலாம். 'பெரியதாங்கலின் பெருமைமிகு மைந்தர்' என்று அதில் போட்டிருக்கிறார்கள். அவர் உயிரோடு இருந்தவரை அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் செய்த வேலை அது. அவர் பெரியதாங்கல்காரரே அல்ல. அவர் சவுக்குமேட்டுக்காரர். அந்த வித்தியாசத்துக்காகத்தான் கடைசி நான்கு ஆண்டுகளும் அவர் சண்டை போட்டார். பேனர் கட்டியவர்களுக்கு அதுகூட உறைக்கவில்லை.

அறியாதவர்களுக்காக இடத்தைச் சொல்லிவிடுகிறேன். செங்கல்பட்டுக்குத் தெற்கே ஒரு பெரிய ஏரி. ஏரிக்கு மேற்கே பெரியதாங்கல், என் ஊர், நிலபுலன் உள்ளவர்களின் ஊர். கிழக்கே, தண்டவாளத்தை ஒட்டிச் சவுக்குமேடு. ஒரு காலத்தில் எங்கள் நிலங்களில் கூலிக்கு உழைத்த குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. கோயிலும் உண்டு, மாதா சர்ச்சும் உண்டு. இன்று அந்தப் பிள்ளைகள் கம்பெனிக்கும் ஆஸ்பத்திரிக்கும் வேலைக்குப் போகிறார்கள், பொத்தேரியில் காலேஜ் படிக்கிறார்கள். இரண்டு ஊருக்கும் நடுவே ஏரியைச் சுற்றிக்கொண்டு போனால் முக்கால் மணி நேர நடை.

அவரோடு வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. என் ஊருக்குக் கிழக்கே இருந்து வந்த ஒருவர் எனக்கு சீனியராக உட்கார்ந்ததும் அதற்கு ஒரு காரணம் என்பதை இப்போது மறைப்பதில் பயனில்லை. அது போக, அவர் பேஜாரு பிடித்த மனிதர். வரிசை நீண்டு நிற்கும்போது, "பாப்பா, அங்க எறங்கி எங்க போவணும்?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். சரியான ஸ்டேஷன் எது என்று தெரிந்துகொள்ளாமல் டிக்கெட் கொடுக்க மாட்டார். பின்னால் நிற்பவர்கள் கத்துவார்கள். வசவு என்னவோ இரண்டு ஜன்னலுக்கும் சேர்த்துத்தான் விழும்.

ஒருமுறை வெளிமாநிலக் குடும்பம் ஒன்று மூட்டை முடிச்சோடு வந்து மாமல்லபுரத்துக்கு ரயில் டிக்கெட் கேட்டது. ரயில் கிடையாது, பஸ் என்று சொன்னால் முடிந்தது வேலை. இவர் ஜன்னலைச் சாத்திவிட்டு, அவர்களைப் பேருந்து நிலையம் வரை கொண்டுபோய் வண்டியேற்றி, கண்டக்டரிடம் இறக்க வேண்டிய இடத்தையும் சொல்லிவிட்டு வந்தார். அந்த அரை மணி நேரமும் அவருடைய வரிசையை நான் பார்த்தேன். திரும்பி வந்தவரிடம் எரிந்து விழுந்தேன். "ஊரு பேரு இன்னாத்துக்கு சபாபதி? தெரியாதவனுக்குத்தான். தெரிஞ்சவன் கண்ண மூடினு எறங்குவான்" என்றார்.

எதிரும் புதிருமாக இருந்தே இருபது ஆண்டுகளை ஓட்டினோம். என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த மாதத்தில் என் முறையையும் சேர்த்துப் பார்த்தவர் அவர்தான். அதைப் பிறகு ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் அவரை வெறுப்பது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவர் ஓய்வு பெற்ற பின் சவுக்குமேட்டில் ஒரு புது ஸ்டேஷன் வந்தது. அந்த மக்கள் பல வருடம் மனு எழுதி, அலைந்து வாங்கியது அது. எழுதிக் கொடுத்தது முழுக்க ஞானப்பிரகாசம் அவர்கள். பிளாட்ஃபாரம் எழும்பி, பெயர் வைக்கும் கட்டம் வந்தபோதுதான் எங்கள் ஊர் விழித்துக்கொண்டது. ஒரு செங்கல் எடுத்து வைக்காதவர்கள் பெயருக்கு மட்டும் முண்டியடித்தோம். 'காலனிப் பேர்லயா போய் எறங்கறது?' என்று வெளிப்படையாகவே பேசினார்கள். நான் அப்படிப் பேசவில்லை. அதைவிட மோசமானதைச் செய்தேன். எனக்கு ரயில்வே நடைமுறை தெரியுமல்லவா? வருவாய்த் துறைக் கணக்கில் சவுக்குமேடு தனிக் கிராமம் அல்ல, பெரியதாங்கலுக்கு உட்பட்ட குக்கிராமம். அந்தக் கிராம வரைபடத்தின் நகலை எடுத்து, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி, மனுவோடு இணைத்தேன்.

கருத்துக் கேட்க அதிகாரி ஒருவர் வந்தார். சவுக்குமேட்டு இளைஞர்கள் எங்களை மடக்க ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். ஸ்டேஷனுக்கு 'மாமல்லபுரம் ரோடு' என்று உலகறிந்த பெயரை வைத்துவிட்டால் பெரியதாங்கல் வாயைத் திறக்க முடியாது. அதிகாரிக்கும் அந்தப் பெயர் இனித்தது. ஞானப்பிரகாசம் அவர்கள் தலையாட்டியிருந்தால் அன்றைக்கே நாங்கள் தோற்றிருப்போம். அவரோ தன் பக்கத்துப் பிள்ளைகளைப் பார்த்தே சீறினார்.

"இங்கேர்ந்து கடலுக்குப் பஸ்ல ஒன்ற அவர் ஆவும். கொழந்த குட்டியோட எறங்கறவன் சவுக்குத் தோப்பப் பாத்துகினு நிப்பானா? எறங்கினா எந்த எடத்துல நிக்கறானோ, அதான்யா பேரு. பஸ்காரன் கத்தறது சவுக்குமேடு. லெட்டர் வர்றது சவுக்குமேடு. அத வைக்க இன்னா வலிக்குது?"

அதிகாரி வரைபடத்தை விரித்துக் காட்டினார். அது யாருடைய வேலை என்று ஞானப்பிரகாசம் அவர்களுக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. நேராக என்னிடம் வந்தார். "சபாபதி, மேப்புல எறங்கப் போறியா, பிளாட்ஃபாரத்துல எறங்கப் போறியா?" என்றார். பலகை 'பெரியதாங்கல்' என்றே வந்தது. எங்கள் ஊரில் பட்டாசு வெடித்தோம். அவருடைய ஆட்கள், இந்தக் கிழவர் விட்டுக்கொடுத்திருந்தால் ஜெயித்திருப்போமே என்று அவரையே ஏசினார்கள்.

பெயர் வைத்து எங்களுக்கு என்ன கிடைத்தது? எங்கள் ஊருக்கு வரும் விருந்தாளி ஸ்டேஷனில் இறங்கி, "இன்னாங்க, ஊரையே காணோம்?" என்று போன் செய்கிறார். ஏரியைச் சுற்றிவர ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருக்கிறார். அணுபுரத்திலிருந்து பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம் வெயிலில் நின்று நொந்து, முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தது. சவுக்குமேட்டுக்கு வருபவர்களோ பலகையில் அந்தப் பெயரைக் காணாமல், இறங்காமலே தாண்டிப் போகிறார்கள். இரண்டு ஊருக்கும் உதவாத பெயர் ஒன்றைப் பாடுபட்டு வாங்கித் தந்த புண்ணியம் என்னுடையது.

அதற்குப் பிறகு அவர் ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டார். செங்கல்பட்டிலிருந்து வீடு திரும்பும்போதெல்லாம் நாங்கள் உட்கார்ந்திருந்த அதே ஜன்னலில் போய், "சவுக்குமேட்டுக்கு ஒரு டிக்கெட்" என்று கேட்பார். இப்போது அங்கே இருக்கும் பெண், "அப்படி ஒரு ஸ்டேஷன் இல்ல சார்" என்பாள். "கீதும்மா. நல்லா பாரு" என்று நிற்பார். வரிசை கூச்சலிடும். கடைசியில் அவளே பெரியதாங்கலுக்கு அடித்துக் கொடுத்துவிடுவாள். தன் வாயால் அவர் அந்தப் பெயரைச் சொன்னதே இல்லை.

ஒருநாள் அந்த வரிசையில் நானும் இருந்தேன். பொறுக்க முடியாமல், "அவருக்கு ஒரு பெரியதாங்கல் குடும்மா, ஆளுங்க நிக்கறாங்க" என்றேன். அவர் திரும்பிப் பார்த்தார்.

"உன் ஊருக்கு நான் எதுக்கு வரணும் சபாபதி? எனுக்கு என் வூட்டுக்குப் போவணும்."

அவர் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை அது. மன்னிப்புக் கேட்க எனக்கு அதற்குப் பிறகு இரண்டு வருடம் இருந்தது. அவர் வீட்டுக்குப் போவதற்கு ஷேர் ஆட்டோகூட வேண்டாம், சைக்கிளே போதும். நான் போகவில்லை.

புதன்கிழமை அடக்கம். 'சவுக்குமேட்டில் மாலை நான்கு மணிக்கு' என்று பிலோமினா எல்லோருக்கும் செய்தி அனுப்பியிருந்தாள். அப்பாவின் மகள் வேறு எப்படி எழுதுவாள்? மதியம் அவர் வீட்டுக்கு வெளியே, பந்தலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னை உள்ளே கூப்பிடவில்லை, கூப்பிடவும் வேண்டியதில்லை. மூன்று மணிக்கு மேல் ராஜாமணியின் போன் வந்தது. எங்களோடு கவுண்டரில் வேலை பார்த்துவிட்டு, ஓய்வு பெற்றதும் மகனோடு காட்பாடிக்குப் போனவர். பழைய ஆட்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு வந்திருக்கிறார். ஞானத்தின் ஊருக்கே ஸ்டேஷன் வந்துவிட்டது என்பதுவரை அவர்களுக்குத் தெரியும். செங்கல்பட்டுக்குப் பிறகு எத்தனையாவது ஸ்டேஷன் என்று தெரியாமல், தாண்டி ஒரு ஊருக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு, பலகை வந்ததும் இறங்கிக்கொள்ளலாம் என்று ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே போயிருக்கிறார்கள். ரயில்வேக்காரன் பக்கத்தில் இருப்பவனைக் கேட்க மாட்டான், பலகையைத்தான் நம்புவான். சவுக்குமேடு என்ற பலகை வரவே இல்லை.

"மூணு ஸ்டேஷன் தாண்டி நிக்கறோம்யா. இனிமே ஆட்டோ புடிச்சாலும் மூஞ்சியப் பாக்க முடியாது. எவன்யா வச்சான் இந்தப் பேர?" என்று கத்தினார்.

"நான்தான்" என்றேன்.

அவர் போனை வைத்துவிட்டார். அதே திசையில் அடுத்த பாசஞ்சர் வரக் கொஞ்ச நேரமே இருந்தது. அதிலும் அவரைப் பார்க்க ஆட்கள் வருவார்கள். பந்தலில் தண்ணீர் பாட்டில் வந்த அட்டைப் பெட்டியைக் கிழித்தேன். சர்ச்சில் ஒரு பேனா வாங்கி, பெரிய எழுத்தில் 'சவுக்குமேடு' என்று எழுதினேன். ஸ்டேஷனுக்கு ஓடி, மஞ்சள் பலகைக்கு முன்னால் அந்த அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டி நின்றதும் பெட்டி பெட்டியாக ஓடிக்கொண்டே கத்தினேன். "சவுக்குமேடு! சவுக்குமேடு எறங்கறவங்க எறங்குங்க!" எங்கள் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் இறங்கி என்னை முறைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். இனி அவர்கள் பேசாவிட்டால் போகட்டும்.

கடைசிப் பெட்டியிலிருந்து மாலையோடு ஒரு பெரியவர் இறங்கினார். யாரென்று எனக்குத் தெரியவில்லை. தலைக்கு மேலே இருந்த பலகையையும் என் கையில் இருந்த அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஞானப்பிரகாசம் சார் வூட்டுக்குப் போவணும். இதானே சவுக்குமேடு?"

"இதான்" என்றேன்.

போய் வாருங்கள், ஞானப்பிரகாசம் சார். கேட்க வேண்டிய காலத்தில் உங்களிடம் மன்னிப்புக் கேட்காதவன், இனிமேல் கேட்டு என்ன ஆகப் போகிறது? நாளைக் காலை செங்கல்பட்டுக்குப் போகிறேன். என் கையெழுத்தைத் திரும்பப் பெறும் மனு என் பையில் இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது நம்முடைய ஜன்னலில் நின்று, நீங்கள் கேட்ட அந்த டிக்கெட்டைக் கேட்பேன். கொடுக்கும்வரை நகரமாட்டேன்.