பெரியக்காவுக்குப் பந்து

ஆக்லாந்தில் ரக்பி ஆட்டம் குளிர்காலத்தில்தான். ஆனால் உண்மையான சண்டை அதற்கு முன்பே, வெயில் கொஞ்சம் மிச்சமிருக்கும்போதே நடந்து முடிந்துவிடும். யார் அணியில், யார் வெளியே, யாருக்கு எந்த நம்பர் சட்டை என்பதெல்லாம் அந்தப் பயிற்சி வாரங்களில்தான் முடிவாகும். இங்கே காலேஜ் என்றால் நம் ஊர் உயர்நிலைப் பள்ளி. என் மகள் பதினைந்து வயசில் ஐந்தாம் படிவம் படித்த வருஷம், அவளுடைய காலேஜ் பெண்கள் அணியில் பத்தாம் நம்பர் சட்டைக்கு இரண்டு பேர் நின்றார்கள். ஒருத்தி ஏழாம் படிவத்து வெள்ளைக்காரப் பெண், நெடுநெடுவென்று வளர்ந்தவள். இன்னொருத்தி என் மகள்.

நான் படித்தது மலேசியாவில் ஒரு தோட்டத்துப் பள்ளியில், மூன்றாம் வகுப்பு வரைக்கும். அதனால் ரக்பியை எனக்கு விளங்கிய மாதிரிதான் சொல்ல முடியும். பக்கத்துக்குப் பதினைந்து பேர். முன்னால் நிற்கும் எட்டுப் பேர் மாடு மாதிரி முட்டித் தள்ளுவார்கள். அவர்கள் காலடியிலிருந்து பந்து வெளியே வந்தால் நேரே பத்தாம் நம்பர் கைக்குத்தான் போகும். உதைப்பதா, ஓடுவதா, யாரிடம் கொடுப்பது என்று அவள் அந்த நொடியில் சொல்லியாக வேண்டும். சொல்வது என்ன, கத்த வேண்டும். தோட்டத்தில் விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும்போது மண்டோர் என்கிற மேஸ்திரி நின்றுகொண்டு ஆளுக்கு ஒரு நிரை மரம் பிரித்து விடுவாரே, அந்த வேலை. என்ன, மண்டோரை யாரும் ஓடிவந்து இடுப்பில் இடித்துக் கீழே தள்ள மாட்டார்கள்.

அப்போது எனக்கு விரி என்கிற பேட்டையில் வேலை. விமானத்துக்குச் சாப்பாடு போகும் தட்டுகளை அடுக்குகிற இடம். மூன்று மணிக்கு விடுவார்கள். தலையில் போட்ட வலையைக்கூடக் கழற்றாமல் பஸ் பிடித்து வந்து மைதானத்து வேலியோரம் நின்றுவிடுவேன். நாங்கள் குடியிருந்த பாபடோயிட்டோயில், எங்கள் தெருவிலேயே ஒரு யாழ்ப்பாணத்து அம்மா இருந்தார், என்னைவிடப் பெரியவர், பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இது பொறுக்கவில்லை. ஒருநாள் கடை வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன தங்கச்சி, பெம்பிளைப் பிள்ளையைச் சேத்துக்குள்ள உருள விட்டிட்டு வேலியில நிண்டு பாக்கிறியளாம். எங்கட ஆக்கள் எல்லாம் கதைக்கினம்."

"பேசட்டும்கா. டிக்கெட் இல்லாமதான் காட்டுறாங்க. வந்து பாத்துட்டே பேசச் சொல்லுங்க."

"பகிடி விடாதேங்கோ. மூக்குக் கீக்கு உடைஞ்சா நாளைக்கு ஆர் வந்து கட்டுவினம்?"

"மூக்கு உடைஞ்சா டாக்டர் கட்டுவாருக்கா," என்று சொல்லிவிட்டு என் கொத்தமல்லிக் கட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆனால் சட்டைக்கு வந்த ஆபத்து அந்த அம்மாவால் வந்ததில்லை. பயிற்சி கொடுத்தவர் ஒரு வாத்தியார். நல்ல மனுஷர்தான், கொஞ்சம் அவசரக்காரர். ஒருநாள் பயிற்சி முடிந்ததும் மகளையும் கூட்டிக்கொண்டு வேலிக்கு வந்தார். என்னிடம் இங்கிலீஷ் நாலு வார்த்தை. அவர் சொன்னதை மகள்தான் எனக்குச் சொன்னாள்.

"எனக்குக் கை இருக்காம், கால் இருக்காம், வாய்தான் இல்லையாம்."

"வாய் இல்லையா? வீட்டுக்கு வந்து கேக்கச் சொல்லு."

"அம்மா! பந்து கையில வந்தா நான் யாரையும் கூப்பிட மாட்டேங்கிறேனாம். பேர் சொல்லிக் கத்தணுமாம். ரெண்டு வாரத்துல சரி பண்ணலன்னா அந்தப் பொண்ணுக்குத்தான் பத்தாம் நம்பராம்."

எனக்கு உடனே புரிந்துபோனது. முன்னால் முட்டும் அந்த எட்டுப் பேரும் ஆறாம் படிவம், ஏழாம் படிவம். எல்லாரும் இவளுக்கு மூத்தவர்கள். மூத்தவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு என் வீட்டில் பழக்கமில்லை. நான் என் புருஷன் பேரை இன்றுவரை வாயால் சொன்னதில்லை. இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய அன்று விமான நிலையத்தில் அதிகாரி புருஷன் பேர் என்ன என்று கேட்டபோதும், ஆறு வயசுப் பிள்ளையாக இருந்த இவளைத்தான் முன்னால் தள்ளிச் சொல்ல வைத்தேன். அப்படி வளர்ந்த பிள்ளை, தன்னைவிட ரெண்டு வயசு மூத்தவளை, அதுவும் சேற்றில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடப்பவளை, பேர் சொல்லி அதட்டு என்றால் எப்படி அதட்டும்? வாய் திறக்கும், சத்தம் வராது. அதற்குள் நாலு பேர் அவள் மேல் விழுந்திருப்பார்கள்.

"அவர்கிட்ட சொல்லு," என்றேன். "எம் பொண்ணுக்கு வாய் இருக்கு, அதுல மரியாதையும் இருக்கு. அவர் பாக்காத சாமான் அதுன்னு சொல்லு."

"அப்டிலாம் சொல்ல முடியாதும்மா."

"சொல்லுடி."

அவள் ஏதோ இங்கிலீஷில் சொன்னாள். வாத்தியார் சிரித்துத் தலையாட்டினார். நான் சொன்னதைச் சொல்லியிருந்தால் அவர் சிரித்திருக்க மாட்டார்.

வீட்டுக்கு வந்ததும் பையை ஒரு மூலையில் எறிந்தாள். "எல்லாம் உங்களாலதான். எல்லாரும் பேர் சொல்லித்தான் கூப்பிடுறாங்க. எனக்கு மட்டும் வாயில வர மாட்டேங்குது."

"என்னாலதான். அதுக்கு என்ன இப்போ?"

என் புருஷன் செய்தித்தாளை இறக்கிவிட்டுப் பார்த்தார். "பேரச் சொன்னா என்ன, பூமி பிளந்துடுமா?"

"பிளக்காது. நீங்க வேணும்னா அவங்களப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க. எம் பிள்ள கூப்பிட மாட்டா, அந்தச் சட்டையும் வாங்குவா."

சொல்லிவிட்டேனே தவிர, எப்படி வாங்குவாள் என்று அப்போது எனக்கும் தெரியாது. அடுப்பில் தோசைக்கல்லை வைத்தேன். அவள் சாப்பிட மாட்டேன் என்றாள், மூன்று தோசை சாப்பிட்டாள். நாலாவதைத் திருப்பும்போது கேட்டேன், "பேர் வேணாம், அக்கான்னு கத்தினா என்ன?"

"எட்டு அக்கா இருக்காங்கம்மா. எந்த அக்கா வருவாங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் எனக்கு மேலே ஐந்து அக்காமார்கள். அக்கா என்று நான் பொதுவாகக் கூப்பிட்டால் ஐந்து பேரில் ஒருத்தியும் வரமாட்டாள். வேலை சொல்லத்தான் கூப்பிடுகிறேன் என்று தெரியும். அதனால் ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாக ஒன்று: பெரியக்கா, நடக்கா, சின்னக்கா, அழுத்தமான ஒருத்திக்கு ஊமையக்கா, செல்லம் கொஞ்சிக்கொண்டே இருப்பவளுக்கு ஆசக்கா. இது எந்தத் தமிழ் வீட்டில் இல்லை?

"அந்தப் பெரிய டோங்கா தீவுக்காரப் பொண்ணு, முன்னால நடுவுல நிக்குமே, அது யாரு?"

"அவங்கதான் கேப்டன்."

"அது பெரியக்கா. அதுக்குப் பக்கத்துல குள்ளமா, முயல் மாதிரி ஒண்ணு ஓடுமே?"

"சின்னக்கா," என்றாள் அவளாகவே. அப்புறம் நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. மிளகாய்த்தூள் டப்பா, உப்பு டப்பா, ஊறுகாய் பாட்டில் எல்லாவற்றையும் இழுத்து மேசையில் வரிசையாக நிறுத்தி ஒவ்வொன்றுக்கும் ஒரு அக்கா பேர் வைத்தாள். ஊறுகாய் பாட்டில்தான் பெரியக்கா. என் புருஷன் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்து, "உப்ப எடுத்து ஓரமா வைக்காத, அது வேகமா ஓடுற ஆளு," என்றார்.

அடுத்த பயிற்சியில் அவள் அந்தப் பெண்களைக் கூட்டி வைத்துச் சொல்வதைப் பார்த்தேன். பாதிப் பேர் சிரித்தார்கள். டோங்காக்காரப் பெண் சிரிக்கவில்லை. தங்கள் வீட்டிலும் மூத்தவர்களிடம் கண்டபடி பேசினால் முதுகில் விழும் என்றாளாம். பிறகு எல்லாரையும் நிற்க வைத்து, தன் நெஞ்சில் தட்டி, "பெரியக்கா" என்று சொல்லிக் காட்டினாள். கேப்டனே சொன்ன பிறகு யார் மறுப்பார்கள்?

வாத்தியாருக்கு மட்டும் இது விளையாட்டாகத் தெரிந்தது. பயிற்சியில் சரி, பொறுத்துக்கொண்டார். சனிக்கிழமை இன்னொரு காலேஜோடு ஒத்திகை ஆட்டம். முதல் பாதி அந்த நெட்டைப் பெண் பத்தாம் நம்பர், இரண்டாம் பாதி என் மகள். ஆட்டம் முடிந்ததும் சட்டை யாருக்கு என்று சொல்லிவிடுவதாக ஏற்பாடு.

அன்று மழை. யாழ்ப்பாணத்து அம்மா குடை பிடித்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார். டிக்கெட் இல்லை என்று சொல்லியிருந்தேன் அல்லவா.

நெட்டைப் பெண் நன்றாகத்தான் ஆடினாள். அதை மறைக்க மாட்டேன். அவள் உதைத்த பந்து காக்காய் மாதிரி பறந்தது. ஆனால் அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டவுடனே எதிர்ப்பக்கத்துப் பிள்ளைகள் மூன்று பேர் அந்த ஆளிடம் போய் நின்றுவிட்டார்கள். எந்தக் காலேஜ் ஆனாலும் இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் எல்லாம் ஒரே சர்ச், ஒரே கல்யாண வீடு, சித்தப்பா மகள், மாமன் மகள். பேர் சொன்னால் யாருக்குத் தெரியாது? பாதி ஆட்டம் முடிந்தபோது எங்கள் பக்கம் பின்தங்கியிருந்தது.

இடைவேளையில் வாத்தியார் என் மகளிடம் விரல் நீட்டி ஏதோ சொன்னார். அவள் வேலிக்கு ஓடிவந்தாள்.

"இன்னிக்கு ஒழுங்கா பேர் சொல்லித்தான் கூப்பிடணுமாம். விளையாட்டு போதுமாம்."

"நீ அக்கான்னே கூப்பிடு."

"சட்டை போயிடும்மா."

"போகட்டும். சட்டை அவரோடது. வாய் உன்னோடது."

என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தச் சட்டைக்காக அவள் விடிகாலையில் எழுந்து தெருவில் தனியாக ஓடியதை நான் பார்த்திருக்கிறேன். பறிபோனால் என்னிடம் எத்தனை நாள் பேசாமல் இருப்பாள் என்றும் தெரியும். ஆனாலும் நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. அவள் தலையை ஒரு தரம் ஆட்டிவிட்டு உள்ளே ஓடினாள்.

முதல் பந்து வந்தது. வாயைத் திறந்தாள். எலிக்குஞ்சு சத்தம். இரண்டு பேர் அவள் மேல் விழுந்தார்கள். எழுந்தபோது மூக்கில் ரத்தம்.

"ஐயோ, நான் அண்டைக்கே சொன்னனான்," என்றார் யாழ்ப்பாணத்து அம்மா.

நான் வேலியைப் பிடித்துக்கொண்டு அடிவயிற்றிலிருந்து கத்தினேன். "எனக்கே கேக்கலடி!"

அடுத்த பந்து. "பெரியக்கா!" என்று ஒரு சத்தம். அந்த மைதானத்தில் அப்படி ஒரு சத்தத்தை அதற்கு முன் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். டோங்காக்காரப் பெண் ஓடிவந்து பந்தை வாங்கினாள். எதிர்ப்பக்கத்துப் பிள்ளைகள் யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு நடக்கா, சின்னக்கா, மறுபடி பெரியக்கா. கூப்பிட்ட குரலில் மரியாதையும் இருந்தது, அதிகாரமும் இருந்தது. வரமாட்டேன் என்று ஒருத்தியும் சொல்லவில்லை. கடைசியில் ஒரு பந்து கைக்கு வந்தபோது, "நெட்டக்கா!" என்று கத்தினாள். அது யார் என்று நான் முழிப்பதற்குள், பின்வரிசைக்குப் போயிருந்த அந்த வெள்ளைக்காரப் பெண் காற்றாக வந்து பந்தை வாங்கிக்கொண்டு எல்லைக்கோட்டைத் தாண்டி விழுந்தாள், புள்ளி எங்களுக்கு. போட்டிக்காரிக்கும் ஒரு அக்கா பேர் வைத்திருக்கிறாள். அதை என்னிடம் சொல்லவே இல்லை.

ஜெயித்தோம். வாத்தியார் மழையில் நனைந்துகொண்டே சட்டை மூட்டையை அவிழ்த்தார். பிறகு பத்தாம் நம்பர் சட்டையை எடுத்து என் மகள் மேல் எறிந்தார். பேர் பற்றி அதற்கப்புறம் அவர் வாயே திறக்கவில்லை. நெட்டைப் பெண் அன்று எங்களிடம் முகம் கொடுத்துப் பேசாமல் போய்விட்டாள். அதுவும் நியாயம்தான். நானாக இருந்தாலும் பேசியிருக்க மாட்டேன்.

அடுத்த வாரமே வாத்தியாரும் கேப்டனைப் பெரியக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார் என்று மகள் சிரித்துக்கொண்டு வந்து சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அவரு வயசுல மூத்தவரு, அவரு அக்கான்னு சொல்லக்கூடாது, தங்கச்சின்னு கூப்பிடச் சொல்லு" என்று சொல்லியனுப்பினேன். இந்தத் தரம் அவள் அப்படியே சொல்லியிருக்கிறாள்.

அவள் சேற்றுக் கையால் பிடித்த அந்தச் சட்டையை, ஆட்டம் முடிந்த அன்று ராத்திரியே இரண்டு தரம் கையால் கசக்கித் துவைத்திருந்தேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயில் அடித்தது. எங்கள் வீட்டு முன்வேலியில், முதுகு தெருவைப் பார்க்கும்படி விரித்துப் போட்டேன். கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லாம் அந்த வழியாகத்தான் போக வேண்டும்.

யாழ்ப்பாணத்து அம்மா பட்டுச்சேலையில் வந்தவர் நின்று பார்த்தார்.

"பிள்ளைக்கு மூக்கு எப்படி இருக்கு?"

"மூக்கு இருந்த எடத்துலயே இருக்குக்கா."

பத்து என்ற அந்த நம்பரை மேலும் கீழும் பார்த்தார். "ஏன் தங்கச்சி, பின்வளவில உடுப்புக் காயப்போடக் கொடி இல்லையோ?"

"இருக்கே," என்றேன்.