எல்பேக் கரையில் ஒரு வாரேன்

நான் குடியிருக்கும் ஊரில் கப்பல்கள் கூரைக்கு மேலே போகும். கதை விடவில்லை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் முதலில் ஆப்பிள் தோட்டம், அதற்குப் பின்னால் புல் முளைத்த நீளமான மண்மேடு, மேட்டில் மேயும் செம்மறி ஆடுகள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும்போது அந்த ஆடுகளுக்குப் பின்னால் பல மாடிக் கட்டடம் ஒன்று சத்தமில்லாமல் நகர்ந்து போகும். ஆறு கண்ணுக்குத் தெரியாது, மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இந்த மேட்டுக்கு இங்கே டைஷ் என்று பெயர். எல்பே ஆற்றைவிட ஊர் தாழ்வாக இருப்பதால் இது இல்லாவிட்டால் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிடுமாம். எனக்கோ கொல்லிமலை, வாழவந்தி நாடு. எதையும் குனிந்து பார்த்தே பழகியவள். சமவெளி எங்களுக்குக் கீழே, மலையேறும் பஸ் கீழே, சில நாள் மேகமே கீழே. இங்கே வந்து தண்ணீரை அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது. ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்கள் கொடுத்துவைத்தவள் என்று நினைக்கலாம், நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்தக் கப்பல்களைப் பார்த்தாலே ஆகாது. ஆனாலும் டியூட்டி இல்லாத நேரமெல்லாம் மேட்டில் ஏறி நின்று, வருகிற போகிற சரக்குக் கப்பல்களை ஒன்றுவிடாமல் படம் எடுக்கிறேன்.

ஜெர்மனிக்கு நான் வந்தது நர்ஸ் வேலைக்கு. நாமக்கல்லில் நர்சிங் முடித்து, ஜெர்மன் பரீட்சை எழுதி, ஹாம்பர்க் துறைமுகத்துக்கும் கடலுக்கும் நடுவே உள்ள இந்தச் சின்ன ஊரின் முதியோர் இல்லத்தில் சேர்ந்தேன். வந்த புதிதில் சாயங்காலம் வேலைக்குப் போகும்போது எதிரே வந்தவர்கள் எல்லோரும் "மொயின்" என்றார்கள். காலை வணக்கத்துக்கு ‘மோர்கன்’ என்று படித்திருந்தேன். அதைத்தான் சுருக்கிச் சொல்கிறார்கள் என்று நினைத்து, இவர்களுக்குப் பொழுது போனது கூடத் தெரியவில்லையே என்று பரிதாபப்பட்டேன். பிறகுதான் தெரிந்தது, இந்த ஆற்றங்கரையில் காலையானாலும் மாலையானாலும் மொயின்தான். ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டு எப்படித்தான் குழப்பமில்லாமல் இருக்கிறார்களோ என்று அன்றைக்கு ஃபோனில் என் தம்பியிடம் சொல்லிச் சிரித்தேன்.

தம்பி பெயர் முருகேசன். அவன் கப்பலில் டெக் வேலைக்குப் போனது எங்கள் ஊருக்கே வேடிக்கை. குச்சிக்கிழங்கும் சாமையும் மிளகும் போடுகிற குடும்பத்தில் ஆழத் தண்ணீர் என்றால் கிணறுதான். ஆனால் அவனுக்கு வண்டிப் பைத்தியம் பிறவியிலேயே இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் நிற்கும் வளைவில் போய் உட்கார்ந்துகொள்வான். கிழங்கு ஏற்ற வரும் லாரி மலையடிவாரத்தில் முக்க ஆரம்பிக்கும்போதே அவனுக்குக் கேட்டுவிடும். வண்டி ஒரு வளைவில் தெரியும், மறையும், அடுத்த வளைவில் தெரியும். "இன்னும் வல்ல, இன்னும் வல்ல, வந்துட்டான்!" என்று குதிப்பான். அம்மா கரண்டியோடு வந்து கூப்பிட்டால்தான் வீட்டுக்கு வருவான். பெரியவனானதும் லாரி போதவில்லை. கோர்ஸ் படித்தான், கப்பல் ஏறினான். ஏறிய பிறகு எனக்கு அவன் அனுப்பிய முதல் படத்தில் கடலே இல்லை. கப்பலின் நங்கூரச் சங்கிலியைக் கட்டிப்பிடித்துச் சிரித்துக்கொண்டு நின்றான்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் எனக்குக் குரல் செய்தி ஒன்று அனுப்பினான். இடையிடையே காற்று அறைகிறது. "அக்கா, அடுத்து உங்க ஆத்துக்குத்தான் போகோணும்னு இங்க பேசிக்கறாங்க. நெசமான்னு தெரியல" என்கிறான். பிறகு காற்று மட்டும். கடைசியில், "அக்கா, வாரேன்." அவ்வளவுதான். மறுநாள் காலை ஆள் கணக்கெடுத்தபோது அவன் கப்பலில் இல்லை. தேடினார்கள், வந்த வழியே கப்பலைத் திருப்பியும் பார்த்தார்கள் என்று கம்பெனி எங்களுக்குச் சொன்னது. சுற்றிலும் கடல். அவன் பை மட்டும் கொல்லிமலைக்குப் போய்ச் சேர்ந்தது.

கம்பெனியிலிருந்து ஒருவர் என்னை ஃபோனில் அழைத்து, கடைசிச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று ஆங்கிலத்தில் கேட்டார். வருகிறேன் என்று அர்த்தம் என்றேன். யாரிடம், எங்கே வருகிறான் என்றார். நாங்கள் விடைபெறும்போதும் அப்படித்தான் சொல்வோம், போகிறேன் என்று வாயால் சொல்ல மாட்டோம் என்று விளக்கினேன். விளக்கியிருக்கவே கூடாது. "அப்படியானால் குட்பை?" என்றார். இல்லை, வருகிறேன்தான் என்றேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். இரண்டில் ஒன்றைச் சொன்னால் போதும் என்றார். இதைப் படிக்கிற உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, சந்தைக்குப் போகிறவனும் வாரேன் என்பான், சண்டை போட்டுக்கொண்டு போகிறவனும் வாரேன் என்பான். என் தம்பி எதைச் சொன்னான்? உன் ஆற்றுக்கு வருகிறேன் என்றா, ஃபோனை வைக்கிறேன் என்றா, ஒரேயடியாகப் போகிறேன் என்றா? எனக்குத் தெரியவில்லை. இன்று வரைக்கும் தெரியவில்லை. அவர் குட்பை என்றே வைத்துக்கொண்டார். அவனாகவே குதித்துவிட்டான் என்று விஷயம் முடிந்தது.

அம்மாவுக்கு முடியவில்லை. "வாரேன்னுதான சொன்னான்? வாரேன்னு சொன்னவனுக்கு எவ காரியம் பண்ணுவா?" என்று அப்பாவிடம் சண்டைக்கு நின்றாள். ஏதாவது துறைமுகத்தில் இறங்கிப்போய் வேலை செய்கிறான், இல்லையென்றால் அதே கப்பலில்தான் எங்கேயோ பயந்து ஒளிந்திருக்கிறான் என்பது அவள் கட்சி. அக்கா இருக்கும் ஆற்றுக்கு என்றைக்காவது வருவான், வந்தால் மேல்தட்டில் நின்று அக்காவைத் தேடுவான். அதனால் ஒவ்வொரு கப்பலையும் நான் படம் பிடித்து அனுப்ப வேண்டும். எங்கள் வீட்டில் சிக்னல் கிடைக்காது. அம்மா படத்துக்காகத் தினமும் அதே பஸ் வளைவுக்கு நடந்து வந்து நிற்கிறாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இரண்டு விரலால் படத்தை அகட்டி அகட்டி, கடுகு அளவில் தெரியும் மனிதர்களின் முகத்தைப் பார்க்கிறாள். "செவப்புத் தொப்பி போட்டவன் கொஞ்சம் நம்ம பையன் சாடை. ஆனா இவன் குள்ளம்" என்று பதில் வரும். அடுத்த நாளும் படம் எடுப்பேன்.

இன்னொன்றும் செய்தாள். ஃபோனை வைக்கும்போது வழக்கம்போல நான் "சரிம்மா, வாரேன்" என்றதற்கு, "அந்தச் சொல்லே வேண்டாஞ் சாமி. அதச் சொன்னவன் வல்ல. நீ போறேன்னே சொல்லு" என்றாள். அன்றிலிருந்து பெற்ற தாயிடம் நான் போறேன் என்கிறேன். எங்கள் மலையில் எதிரி வீட்டுக்காரன் கூட வாசலில் நின்று சொல்லாத சொல் அது. ஒவ்வொரு தடவையும் நாக்கு கூசுகிறது.

மேட்டில் என்னைப் போலவே கப்பல் படம் எடுக்க வருகிறவர் ஹோல்கர். அவருக்கு இது பொழுதுபோக்கு. விடியற்காலையில் பேக்கரி வேலையை முடித்துவிட்டு, மடக்கு நாற்காலி, முழங்கை நீள லென்ஸ், ஒரு பழுப்பு நாய் என்று கிளம்பிவிடுவார். எந்தக் கப்பல் எங்கே வருகிறது என்று காட்டும் ஆப் அவர் ஃபோனில் எப்போதும் திறந்தே இருக்கும். நான் நாயை "வா வா" என்று கூப்பிட்டதைக் கேட்டு அவருக்கு ஒரே ஆச்சரியம். இங்கே குழந்தைகள் நாயை ‘வவ்வவ்’ என்பார்களாம். இந்தியாவிலும் நாய்க்கு வாவாதானா என்றார். இல்லை, ‘வா’ என்றால் ‘கொம்’, இங்கே வரச் சொல்கிறேன் என்றேன். அவர் நம்பவில்லை. நாய் நம்பியது, அன்றிலிருந்து வா என்றால் ஓடி வரும்.

யாருக்காகக் காத்திருக்கிறாய் என்று அவர் கேட்டபோது, "என் தம்பி கப்பலில் இருக்கிறான்" என்று ஜெர்மனில் சொன்னேன். இருந்தான் என்று சொல்லத் தெரியாமல் இல்லை. இறந்தகால வினைகளை எல்லாம் உருப்போட்டுத்தான் பரீட்சையில் தேறினேன். வாய் வரவில்லை. அவர் முகம் மலர்ந்து கப்பலின் பெயரைக் கேட்டு ஆப்பில் போட்டுவைத்தார். அதற்குப் பிறகு பார்க்கும்போதெல்லாம், "மொயின்! கொம்ட் எர் ஹொய்டெ?" என்பார். இன்றைக்கு வருகிறானா? இன்றைக்கு இல்லை என்பேன். பொய் சொல்லவில்லை அல்லவா?

இந்த ஆனி மாதத்தில் அப்பா முடிவெடுத்துவிட்டார். ஃபோனில் அவர் குரல் தளர்ந்திருந்தது. "ஆடி பொறக்கறதுக்குள்ள பையனுக்குக் காரியத்தைச் செஞ்சு உட்ரலாங் கண்ணு. எத்தன நாளைக்கு உங்கம்மா ரோட்டுல நிப்பா? நீ சொன்னாக் கேப்பா. அவன் இல்லேன்னு நீ ஒரு வார்த்தை சொல்லீரு." நானா? எப்படிச் சொல்வேன்? சொன்னால் அவனை நானே தண்ணீரில் தள்ளியது மாதிரி. சொல்லாவிட்டால் அம்மா மழையிலும் பனியிலும் அந்த வளைவில் நிற்பாள். இரண்டு நாள் படத்தை மட்டும் அனுப்பிவிட்டு, வீட்டுக்கு ஃபோன் செய்யாமல் இருந்தேன்.

மூன்றாம் நாள் ஹோல்கர் ஃபோன் செய்தார். "உன் கப்பல் வருகிறது. மத்தியானம் நம் மேட்டைத் தாண்டும்." குரலில் கல்யாண வீட்டுக் குதூகலம். அம்மாவிடம் சொன்னேன். "இதான் கடைசி. இதுல நல்லாப் பாத்துரு சாமி. இல்லேன்னா உங்கப்பன் சொல்ற மாதிரி செய்யட்டும்" என்றாள். அப்படி அவள் வாயால் வந்ததே எனக்குப் போதுமானதாக இருந்தது. முடிந்துவிடும், இன்றோடு முடிந்துவிடும் என்று நினைத்தபோது வெட்கமாகவும் இருந்தது.

துறைமுகத்துக்கே போய் விசாரிக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். கேட்டுப் பார்த்தேன். வெளியாளை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். அன்றைக்கு அவனோடு இருந்தவர்கள் எல்லோரும் மாறிப் போய்விட்டார்கள் என்று கம்பெனியும் சொல்லிவிட்டது.

கப்பல் வந்தது. அவன் கட்டிப்பிடித்திருந்த அந்தச் சங்கிலி முன்னால் தொங்கியது. அதைத்தான் முதலில் படம் எடுத்தேன். ஹோல்கர் வீட்டிலிருந்து ஒரு வெள்ளை மேசைவிரிப்பைக் கொண்டுவந்திருந்தார். அதை இரண்டு கையாலும் தலைக்கு மேலே வீசி, "ஹியர்! அக்கா இங்கே!" என்று கத்தினார். அக்கா என்ற சொல்லை எப்போதோ என்னிடம் கேட்டு வைத்திருக்கிறார். மேல்தட்டில் ஆரஞ்சு நிற உடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்துக் கை ஆட்டினார்கள். "இதில் யார் உன் தம்பி?" என்றார். நான் படம் எடுத்துக்கொண்டே இருந்தேன். முன்பக்கம், நடுப்பக்கம், பின்பக்கம். கப்பல் வளைவில் மறைந்த பிறகுதான் ஃபோனை இறக்கினேன். அவர் மறுபடியும் கேட்டார். "எர் வார்," என்றேன். இருந்தான். அந்த ஒரு சொல்லிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. மேசைவிரிப்பை மெதுவாக மடித்தார், மடித்து முடித்தும் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

அம்மாவின் பதில் குரல் செய்தியாக வந்து சேர நெடுநேரமானது. "ஒவ்வொருத்தனையாப் பெருசு பண்ணிப் பாத்துட்டேன். நம்ம பையன் இல்ல." வளைவில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடர்ந்தாள். "ஏங் கண்ணு, கப்பலு திரும்பவும் அந்த வழியாத்தானே போவும்? போறப்பவும் ஒருக்கா எடு. வாரப்ப உள்ளார வேலையா இருந்திருப்பான்."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. இது முடியவே முடியாது என்று தெரிந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம் கப்பல் கடலை நோக்கித் திரும்பிப் போனது. ஹோல்கரும் வந்திருந்தார். நாய் புல்லை மோந்துகொண்டு தூரத்தில் திரிந்தது. அம்மாவுக்கான படங்களை எடுத்துவிட்டு ஃபோனைப் பையில் போட்டேன். கப்பலின் பின்பக்கம் யாரோ ஒருவர் கம்பியைப் பிடித்தபடி இந்தப் பக்கம் பார்த்து நின்றார். யார் பெற்ற பிள்ளையோ. கம்பெனிக்காரர் இரண்டில் ஒன்றைக் கேட்டார், அப்பா ஒரு வார்த்தையைக் கேட்டார். வாரேன் என்று ஒருவன் சொன்னால் நிற்கிறவர்கள் சொல்ல வேண்டிய பதில் ஒன்று இருக்கிறது, அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. குரல் செய்திக்கு வாசல் கிடையாது, நின்று வழியனுப்ப முடியாது. அதனால் அது இத்தனை மாதமாக என் தொண்டையிலேயே இருந்தது. எங்கள் மலையில் ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவுக்குக் கூப்பிடுவதுபோல, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"போயிட்டு வா சாமி! போயிட்டு வா!"

கப்பல் போய்க்கொண்டே இருந்தது. தூரத்தில் திரிந்த நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மேடு முழுக்க ஓடி வந்து, மூச்சு வாங்க என் காலடியில் உட்கார்ந்தது.