ஜூலை ஒன்றாம் தேதிக்கு அந்தப் பக்கம்

போன வாரம் ஊட்டியில், எங்கள் காந்தலில் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தேன். இறந்தவர் அந்த வீட்டில் இல்லை. இந்த நாட்டிலேயே இல்லை.

சுவரோரம் சாய்த்து வைத்த செல்போனில்தான் எல்லாம் நடந்துகொண்டிருந்தது. இலங்கையில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், ராமாயி அம்மாளைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். அங்கே பக்கத்தில் மூத்த மகள் விஜயா. இங்கே போன் முன்னால் இளைய மகள் யோகா. சிக்னல் வந்தது... போனது. படம் அப்படியே நின்றுபோகும்போதெல்லாம் யோகா போனைப் புறங்கையால் துடைத்தாள்.

"அக்கா, அம்மா மூஞ்சியக் கொஞ்சம் கிட்டக்க காட்டுக்கா..."

ஒருத்தி போயிருக்கிறாள். இன்னொருத்தி ஏன் போகவில்லை? உடம்புக்கு முடியாமலா? லீவு கிடைக்காமலா? இல்லை. விஜயா 1987 மார்ச் மாதம் பிறந்தவள். யோகா 1989-ல் பிறந்தவள். காரணம் அவ்வளவுதான்!

விளங்கவில்லை அல்லவா? எனக்கும் முதலில் விளங்கவில்லை. அதுதான் வினையாகிவிட்டது.

இலங்கையில் வீடுகள் எரிந்த காலத்தில், கையில் ஒரு காகிதமும் இல்லாமல் ராமேஸ்வரத்துக்குப் படகேறி வந்தவர்கள் ராமாயியும் அவர் புருஷனும். இரண்டு பெண்களும் அங்கே அகதி முகாமில் பிறந்தார்கள். முகாமிலேயே புருஷன் காய்ச்சலில் போய்விட, ராமாயி பிள்ளைகளோடு நீலகிரிக்கு வந்தார். தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்ப முன்பே இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தத்தில் முறையாக வந்த சொந்தக்காரர்கள் இங்கே எஸ்டேட்டுகளில் இருந்தார்கள். கொழுந்து பறித்தே பெண்களை வளர்த்தார். இன்று விஜயா கிளென்மார்கன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறாள். யோகா என் தெருக்காரி. கேரட் கழுவும் இடத்தில் வேலை. புருஷன் ஊட்டிக்காரர், ஜீப் ஓட்டுகிறார். ஒன்பதாவது படிக்கும் ஒரு மகள்.

சண்டை முடிந்த பிறகு ராமாயி இலங்கைக்கே திரும்பிப் போனார். அங்கே அண்ணன் இருந்தார். தோட்டத் தமிழர்களுக்கு முன்பு மறுத்த அந்த நாட்டுக் குடியுரிமை இப்போது கிடைக்கும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். புறப்படும் முன் என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தார்.

"பொறந்ததிலேருந்து எந்த நாட்டுக்காரின்னு யாரும் சொல்லல தம்பி. சாகும்போதாவது ஒரு நாட்டு ஆளா சாகணுமில்ல?"

அப்படியே போய், அடையாள அட்டையும் வாங்கினார். இனி மகள்களைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை; உடம்பு முடியாததால் இவர்கள்தான் போக வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் பேப்பரில் ஒரு செய்தி. அகதி முகாமில் பிறந்த ஒரு பெண் இந்தியக் குடிமகள்தான், அவருக்குப் பாஸ்போர்ட் கொடுங்கள் என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது! நான் என்ன செய்தேன்? பாதிச் செய்தியைப் படித்த கையோடு பேப்பரைத் தூக்கிக்கொண்டு யோகா வீட்டுக்கு ஓடினேன்.

இரண்டு தடவை படித்துக் காட்டச் சொன்னாள்.

"ஏனுங்க சார், அப்ப நான் போயி அம்மாவப் பாத்துட்டுத் திரும்ப நம்ம ஊட்டுக்கே வந்தரலாமுங்களா?"

"தாராளமா!"

இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அன்று சாயங்காலமே மார்க்கெட்டுக்குப் போய் அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கிவிட்டாள்.

அடுத்த வாரம் அக்கா தங்கை இருவரையும் தெரிந்த வக்கீலம்மா ஒருவரிடம் கூட்டிப் போனேன். அவர் இரண்டு பிறப்புச் சான்றிதழ்களையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். விஜயாவுடையதைப் பார்த்துச் சிரித்தார். யோகாவுடையதைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

1987 ஜூலை ஒன்றாம் தேதிக்கு முன்னால் இந்த மண்ணில் பிறந்தவர்கள், தாய் தகப்பன் யாராக இருந்தாலும் குடிமக்கள். அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு, பெற்றவர்களில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். அந்தத் தீர்ப்பு, அந்தத் தேதிக்கு முன் பிறந்தவர்களுக்கானது.

"எங்கிட்ட ஆதார் இருக்குங்களே மேடம்?" என்றாள் யோகா.

"அது நீ இங்க குடியிருக்கேங்கறதுக்குத்தாம்மா. நீ இந்த நாட்டுக்காரிங்கறதுக்கு இல்ல."

"ஊட்டுக்காரரு இந்த ஊருதானுங்களே?"

வக்கீலம்மா தலையை ஆட்டினார். கல்யாணத்தின் பேரில் விண்ணப்பம் போடலாம். ஆனால் அம்மா அப்பா படகில் வந்த கதையைத்தான் முதலில் தோண்டுவார்கள், வருஷக்கணக்கில் இழுக்கும் என்றார். அதுவரை? இலங்கைத் தூதரகத்தில் ஒருவழிப் பயணக் காகிதம் வாங்கிக்கொண்டு போகலாம்... திரும்பி வர வழியில்லை. புருஷனும் மகளும் இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இதுக்கெல்லாம் உச்ச நீதிமன்றம் ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்லியிருக்குங்க சார். உயிர் வாழற உரிமை குடிமக்களுக்கு மட்டுமில்ல, இங்க இருக்கற எந்த மனுஷனுக்கும் உண்டுன்னு சொல்லியிருக்கு. வெளிநாட்டுக்காரங்க இங்கயே தங்கறதுக்கு உரிமை இல்லைன்னும் அதே கோர்ட்டுதான் சொல்லியிருக்கு."

யோசித்துப் பாருங்கள். நீ உயிரோடு இருக்கலாம், ஆனால் எங்கே இருப்பது என்று கேட்காதே! உயிர் வாழும் உரிமை உண்டு என்ற அந்தத் தீர்ப்பு மட்டும் இல்லையென்றால் எத்தனையோ பேரை என்றைக்கோ துரத்தியிருப்பார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் யோகா முப்பது வருஷத்துக்கு மேல் இந்த மலைக் குளிரில்தான் வாழ்கிறாள். பேசுவது இந்த ஊர்ப் பேச்சு. இலங்கையை அவள் கண்ணால் பார்த்தது கூட இல்லை. சட்டத்தின் கணக்கில் அவள்தான் வெளிநாட்டுக்காரி.

வெளியே வந்ததும் விஜயா, "அவளுக்கு இல்லாத பாஸ்போர்ட்டு எனக்கும் வேண்டாமுங்க" என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஒருத்தியாவது போலாமில்லக்கா... எந்திரி" என்று கையைப் பிடித்துத் தூக்கியவள் யோகாதான்.

விண்ணப்பம் நாலு தடவை திரும்பி வந்து, பிறகு பாஸ்போர்ட் கிடைத்தது. கிடைத்த மாதமே ராமாயிக்கு நெஞ்சுவலி என்று தகவல். விஜயா ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு விமானம் ஏறினாள். போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது.

முந்தாநாள் திரும்பி வந்தாள். நான் யோகா வீட்டுக்குப் போனபோது அக்காவும் தங்கையும் அடுப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். விஜயாதான் ஆரம்பித்தாள்.

"கண்ணைத் தொறந்ததும் சின்னவ எங்கன்னுதான் கேட்டாங்க. வந்துட்டிருக்கா, வழியில இருக்கான்னேன். கதவையே பாத்துட்டிருந்தாங்க சார்..."

யோகா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. எனக்கு டீயை ஆற்றி, டம்ளரை முன்னால் வைத்தாள். பள்ளிக்கூடப் பையோடு மகள் உள்ளே வந்து, அறைக்குள் போகும்வரை காத்திருந்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்தினாள்.

"ஏனுங்க சார், இவ பொறந்தது நம்ம ஊட்டி ஆஸ்பத்திரியிலதானுங்க. அவிய அப்பாவும் இந்த ஊருதான். இவளுக்கு ஒண்ணும் பிரச்சனை வராதுங்களே?"

அதையும் நான் வக்கீலம்மாவிடம் தனியாகக் கேட்டிருந்தேன். இந்தப் பெண் பிறப்பதற்கு முன்பே சட்டத்தை இன்னொரு தடவை இறுக்கியிருக்கிறார்கள். தகப்பன் குடிமகனாக இருந்தால் மட்டும் போதாது. தாய் சட்டவிரோதமாக வந்தவராகவும் இருக்கக் கூடாது. எங்கிருந்தும் வராமல் இங்கேயே பிறந்த தாயை அதில் எப்படிச் சேர்ப்பது? "அதுல குழப்பம் இருக்குங்க சார். யாராவது ஒருத்தர் கோர்ட்டுக்குப் போனாத்தான் தெளிவாகும்" என்றார்.

அந்த யாராவது ஒருத்தர் உள்ளே யூனிஃபார்ம் மாற்றிக்கொண்டிருந்தாள்.

"விசாரிச்சுச் சொல்றேம்மா" என்றேன்.

நாம் கைதட்டும் தீர்ப்பு ஒவ்வொன்றும், யாரோ ஒருவருக்கு இல்லை என்று சொல்லப்பட்ட ஒரு நாளில்தான் ஆரம்பிக்கிறது. அந்த நாள் இந்தப் பெண்ணுக்கு இன்னும் வரவில்லை... அவ்வளவுதான்.