வெடிக்காத ஊருக்கு நிதி இல்லை

வேடந்தாங்கல் ஏரிக்குப் பக்கத்தில்தான் எங்கள் வீடு. பறவைகள் மிரண்டுவிடும் என்று எங்கள் ஊரில் தீபாவளிக்கு யாரும் வெடி வெடிப்பதில்லை. சின்ன வயதில் அழுது புரண்டும் எனக்கு ஒரு பொட்டுவெடிகூடக் கிடைத்ததில்லை.

போன மழைக்காலத்தில், பல நாடுகள் சேர்ந்து நடத்தும் ஒரு பசுமை நிதியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். செங்கல்பட்டில் வேலை பார்க்கும் என்னை மொழிபெயர்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். ஏரியின் மதகு இடிந்து கிடந்தது. அதைக் கட்டித்தரச் சொல்லிக் கேட்க ஊரே சமுதாயக் கூடத்தில் கூடியிருந்தது.

பறவைகளுக்காக வெடியையே விட்ட ஊர் என்று வந்தவர்கள் எங்களைப் புகழ்ந்ததில் ஒன்றும் குறைவில்லை. அதன் பிறகுதான் விதியைச் சொன்னார்கள். கெடுதல் செய்துவந்த ஊர் அதை நிறுத்தினால்தான் நிதி தருவார்களாம். நாங்கள்தான் எந்தக் கெடுதலும் செய்யவில்லையே, அதனால் நிறுத்துவதற்கு எங்களிடம் ஒன்றும் இல்லையாம்.

இதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள், ஏதோ நானே போட்ட விதி மாதிரி எனக்குக் காதெல்லாம் சுட்டது. முன்வரிசையில் இருந்த என் அண்ணி எழுந்தாள்.

"இந்தத் தீபாவளிக்கு நல்லா வெடிச்சிட்டு, அடுத்த தீபாவளிக்கு நிறுத்திக்கினா குடுப்பாங்களா? கேட்டுச் சொல்லு."

கேட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மூத்தவர் தலையைக் குனிந்துகொண்டு, விதிப்படி பார்த்தால் அப்போது விண்ணப்பிக்கலாம் என்றார்.

"இன்னா சொல்றாரு?" என்றாள் அண்ணி.

ஊரே என் வாயைப் பார்த்தது. ஏரிப் பக்கமிருந்து பறவைகளின் இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது.

"அவருக்குத் தெரியலியாம் அண்ணி" என்றேன்.